வைரத்தை உடைக்கிற பிள்ளை

கோவில்பட்டியில் வைரம் அறுக்கிற லேசர் மிசினை முதலில் இறக்கினவன் நான்தான். இதைக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் சொல்லுவேன், துட்டி வீட்டிலும் சொல்லுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குச் சரியாகிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸில் மரச்சட்டங்களில் வரிசையாகக் குச்சி அடுக்கிய கை இது. அதே கை லேத் பிடித்தது, பஞ்சு மில்லுக்கு உதிரிச் சாமான் கடைந்தது, கடைசியில் தலைமயிரை விட மெல்லிசாக வைரத்தில் கோடு கிழிக்கிற மிசினுக்குச் சொந்தமானது. என் ஆயுசில் பார்க்காததில்லை, என்னைத் திடுக்கிட வைக்க இனி ஒருத்தன் பிறந்து வரணும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்து வளர்ந்து ஓட்டப்பிடாரத்துப் பக்கம் இருந்து பஸ் ஏறி வந்தது ஒரு பொம்பளைப் பிள்ளை.

பேர் வேண்டாம். பேர் போட்டு எழுதினால் அதுக்குப் பிடிக்காது. இப்போது ஏதோ வெளிநாட்டில் இருக்கிறதாகக் கேள்வி. முப்பது முப்பத்தைந்து வயசிருக்கும். பெங்களூரில் பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் இதே மாதிரி லேசரோடு வேலை பார்த்ததாம். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் ஊருக்குத் திரும்பி வந்து, பக்கத்தில் எங்கே வேலை இருக்கிறது என்று விசாரித்திருக்கிறது. இந்தச் சீமையில் அந்த வேலை என்னிடம் மட்டும்தானே இருக்கிறது.

வந்த அன்றைக்கு என் அறையில் உட்காரவைத்து எங்கள் சாமானைக் காட்டினேன். கண் ஆப்பரேஷனுக்கான கத்தி. அரை அரிசி அளவுதான். சூரத்தில் வாயுவை வைத்து வளர்க்கிற வைரத்தைத் தகடாக வாங்கி, லேசரில் அறுத்து, பாலீஷ் போட்டு அனுப்புவோம். மதுரையில் கைப்பிடி போட்டு டாக்டர்களுக்குக் கொடுப்பார்கள். நாங்கள் அறுத்ததிலேயே அழகான ஒன்றை நான் விற்கவில்லை. நீல வெல்வெட்டில் வைத்து, மேலே கண்ணாடி மூடி, சின்ன விளக்குப் போட்டு வைத்திருந்தேன். வருகிற பெரிய மனுசர்களுக்கெல்லாம் அதுதான் என் தரிசனம்.

அந்தப் பிள்ளை அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திரையில் நெடுநேரம் பார்த்தது.

"நல்லாருக்கு அண்ணாச்சி. ஒடைச்சுப் பாத்துருவமா?"

தமாஷ் பண்ணுகிறது என்று நினைத்துச் சிரித்தேன். சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. மிசினில் வைத்து ஒரு கோடு கிழித்தது. எடுத்து இடுக்கியில் பிடித்தது. டிக்.

அவ்வளவுதான் சத்தம். லேத் பெல்ட் அறுந்து முகத்துக்கு நேரே வந்திருக்கிறது, அப்போதுகூட என் நெஞ்சு அப்படி நின்றதில்லை. வாய் திறந்தபடி நிற்கிறேன், அது பாட்டுக்கு உடைந்த முகத்தைத் திரையில் போட்டுக் காட்டுகிறது. விளிம்புக்குக் கீழே நகக்கீறல் மாதிரிச் சாம்பல் நிறத்தில் ஒரு இழுப்பு.

"கரி அண்ணாச்சி. சூடு பட்டுருக்கு. சூடு பட்டா வைரம் பென்சில் கரியாப் போயிரும். வெளிய இருந்து பாத்தா தெரியாது."

"சூடே ஏறாதுன்னுதானம்மா இந்த மிசினை வாங்கினோம்? சூடு ஏறுததுக்குள்ள வெட்டிட்டு வெளிய வந்துரும்னு சொன்னாகளே."

"ஏறாது. நாம ஏத்தியிருக்கோம்."

ஆபீஸ் பார்க்கிற என் மச்சினன் என்னைத் தனியே இழுத்தான். "அத்தான், இது வெளங்காது. வந்த அன்னைக்கே வீட்டு விளக்கை அணைக்கிற கை. அனுப்பிருங்க." நான் அனுப்பவில்லை. என் சாமானை என் கண் முன்னால் உடைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசின ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. இந்த மாதிரி ஆளை வெளியே விட்டால் இன்னொருத்தன் வைத்துக்கொள்வான். வியாபாரி புத்தி எனக்கு.

அன்றிலிருந்து ஒரு தகட்டில் எத்தனை கத்தி வந்தாலும் ஒன்றை உடைத்துப் பார்க்காமல் மற்றதை வெளியே விடாது. உடைக்கிறது அதுக்கு ஒரு வெறி என்று நினைத்துவிடாதீர்கள். முகத்தில் ஒரு சந்தோசமும் இருக்காது, ஒரு வருத்தமும் இருக்காது. புளியங்கொட்டை உடைக்கிற மாதிரி உடைக்கும்.

வைரத்தோடு நின்றால் சரி. கடம்பூர் போளி வாங்கிக் கொடுத்தால் மடிப்பைப் பிரித்துப் பூரணத்தைப் பார்த்துவிட்டு மடித்துத் தின்னும். கடலைமிட்டாயை முறித்து, பாகு நூல் விடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடிக்கும். மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கப் போய், ஒன்றைப் பிளந்து பார்த்துவிட்டுத்தான் தராசில் போடச் சொல்லுமாம். கடைக்காரர் என்னிடமே வந்து முறையிட்டார். "அண்ணாச்சி, ஒங்க ஆபீஸ் பிள்ளை வந்தா என் கடை ஆசுபத்திரி மாதிரி ஆகிருது. காயை அறுத்துப் போஸ்ட்மார்ட்டம் பண்ணுது."

"பிளந்த காய்க்கும் சேர்த்துத்தான துட்டு குடுக்கு?"

"குடுக்கு. ஆனா மத்தவுகளும் பழகிக்கிட்டாகளே."

பேச்சிலும் அப்படித்தான். யாராவது அதனிடம், "எல்லாம் சரியா இருக்கு" என்று சொன்னால், "எதுவெல்லாம்?" என்று கேட்கும். கோபமாகக் கேட்காது, குத்தலாகவும் கேட்காது. கேட்டுவிட்டு நிற்கும். பதில் சொல்ல வந்தவனுக்கு வியர்த்துவிடும்.

முதல் ஐப்பசி மழை பெய்தபோது மிசின் கோடு கோணியது. கரிசல் மண்ணைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கோடையில் காலே உள்ளே போகிற அளவுக்கு வெடிக்கும், மழை விழுந்தால் உளுந்து மாவு மாதிரி உப்பும். அதனால்தான் மிசின் நிற்கிற இடத்தில் கரிசலை முழுக்க வாரி எறிந்துவிட்டு, கீழே பாறை தட்டுகிறவரை தோண்டி, சரளை போட்டு நிரப்பிக் கான்கிரீட் போடச் சொன்னேன். போட்டுக் கொடுத்தவர் என்னோடு சின்ன வயசில் ஒன்றாகக் குச்சி அடுக்கினவர். என் மகள் கல்யாணத்தில் முன்னால் நின்று வேலை பார்த்தவர். அவர் வந்து நெஞ்சில் கை வைத்தார். "பாறையில உக்காந்திருக்கு மாப்ளே. என் பிள்ளைக மேல சத்தியம்."

அந்தப் பிள்ளை அவருக்கும் காபி எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னது. "ஒரு மூலையில தோண்டிப் பாத்துருவம் அண்ணாச்சி."

அவர் முகத்தில் ரத்தம் இல்லை. எனக்கு அப்போதே விளங்கியிருக்கணும். மூலையில் கான்கிரீட்டை உடைத்துக் கடப்பாரையைப் போட்டால் கொஞ்சத் தூரம் சரளை, அதுக்குக் கீழே கறுகறு என்று ஈரக் கரிசல், புட்டு மாதிரி. பாறையுமில்லை கீறையுமில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். இன்றைக்கு வரை என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. நான் குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளை குழிக்குள் குனிந்து மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதுக்கு மண்தான் தெரிந்தது. அங்கே ஒரு சிநேகிதம் உடைந்து கிடந்தது அதுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரிக்கு அந்தப் பிள்ளை மேல் பிரியமும் உண்டு, வருத்தமும் உண்டு. வருத்தம் சாமி விசயத்தில். எங்கள் பட்டறை தகரக் கொட்டகையாக இருந்த காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அவள்தான் சாம்பிராணி போடுவாள். ஆயுத பூசையன்று ஒவ்வொரு மிசினுக்கும் சந்தனம், குங்குமம், புகை, பழம். லேசர் அறைக்கு மட்டும் அந்தப் பிள்ளை விடவில்லை. வெளிக் கதவில் ஒரு பொட்டு வைத்து, "இங்கனயே கும்பிட்டுக்கிடுவம் மதினி. புகை உள்ள போனா லென்சுல ஒட்டும், வைரத்துல சூடு ஏறிரும்" என்றது. அதுவும் கைகூப்பிக் கும்பிட்டுத்தான் நின்றது. ஆனாலும் இவளுக்கு மனசு ஆறவில்லை. "எல்லா மிசினும் சாமி கும்பிடுது, அது மட்டும் வாசல்ல நிக்கவா?" என்று என்னிடம் முனங்கினாள்.

அவளுக்குக் கண்ணில் புரை. ஒரு கண் ஏறக்குறைய மூடிப்போயிற்று. தயிருக்கும் மாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் குழம்பில் மாவை ஊற்றியிருக்கிறாள். ஆப்பரேஷன் என்றால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் பெரியம்மா மகளுக்கு எங்கேயோ செய்து கண் போய்விட்டது. "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாக" என்று அதையே சொல்லுவாள். திருநெல்வேலியில் எங்களுக்குப் பழக்கமான கண் டாக்டர் ஒருவர், "இனியும் தள்ளினா என் கையில இல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டார். நானும் மகளும் கெஞ்சி, சண்டை போட்டு, பட்டினி கிடந்து, கடைசியில் இறங்கி வந்தாள். ஒரே ஒரு சொல்லோடு.

"நம்ம மிசின்ல அறுத்த கத்தின்னா வாரேன். வேற எவன் கத்தியும் என் கண்ணுல படக் கூடாது."

எனக்குத் தலை கால் புரியவில்லை. குச்சி அடுக்கினவன் பட்டறையில் அறுத்த வைரம் அவன் பெண்டாட்டிக்கே பார்வை கொடுக்கப் போகிறது. ஊரெல்லாம் சொன்னேன். டாக்டரும் சிரித்துக்கொண்டே சரி என்றார், நாளும் குறித்தாயிற்று.

புதுத் தகடு ஒன்று எடுத்தோம். அதில் இரண்டு கத்திதான் வரும். ஒன்றை வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பிள்ளையே அறுத்து வைத்துவிட்டு, அப்பாவுக்கு மூச்சுத் திணறல் என்று ஊருக்குப் போனது. மற்றதைச் சனிக்கிழமை எங்கள் ஆள்கள் அறுத்தார்கள். பாலீஷ் முடிந்து இரண்டும் தனித்தனி டப்பாவில் வந்தன. திரையில் பார்த்தால் கண்ணாடிதான், ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

அப்பாவுக்குக் கொஞ்சம் சரியாகி அந்தப் பிள்ளை திரும்பிய அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரியும் ஆபீஸில்தான் இருந்தோம். லேசர் அறைக்குள் போனது. போன வேகத்தில் வெளியே வந்தது.

"யாரு உள்ள சாம்பிராணி போட்டது?"

ஆள்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். மச்சினன் தரையைப் பார்த்தான். சாவி அவனிடம்தானே.

"நான்தான்" என்றாள் என் வீட்டுக்காரி. "வெள்ளிக்கெழம சாயந்தரம் போட்டேன். மிசின் மூடியைத் தொறந்து உள்ளேயும் காட்டினேன். என் கண்ணுக்குள்ள போற கத்தி. அதுக்குக் கூட நான் கும்பிடக் கூடாதா?"

அந்தப் பிள்ளை ஏசவில்லை. "ஒங்களுக்கு எந்தக் கத்தி மதினி?"

"புகை காட்டினதுக்கு அப்புறம் அறுத்தது. அதான் சாமி பாத்தது." குங்குமம் வைத்த டப்பாவைச் சேலைத் தலைப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

அது கையை நீட்டியது. இவள் கொடுத்துவிட்டாள். பார்க்கத்தான் கேட்கிறது என்று நினைத்திருப்பாள். எனக்கு விளங்கிவிட்டது. "எம்மா, வேண்டாம்மா" என்று எழுந்திருக்கிறதுக்குள் உள்ளே போய்விட்டது. கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். லென்சைத் துடைத்தது. கோடு கிழித்தது. டிக்.

வெளியே வந்து திரையைப் போட்டது. விளிம்பு ஓரமாக அதே சாம்பல் இழுப்பு. என் வீட்டுக்காரிக்கு அது தெரியுமா? திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்த்தாள். தன் குங்கும டப்பாவையும் பார்த்தாள்.

நான்தான் சமாளித்தேன். "சரிம்மா, நல்லவேளை. இன்னொண்ணு புகைக்கு முந்தி நீ அறுத்ததுதான? அதை இன்னைக்கே கைப்பிடி போட மதுரைக்கு அனுப்பிருவம்."

"அதுவும் தெரியாது அண்ணாச்சி."

"நீயே அறுத்தது தாயி."

"நான் அறுத்தா?"

மற்ற டப்பாவையும் எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனது. கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. நான் கதவைத் தட்டுகிறேன், மச்சினன் கண்ணாடியைத் தட்டுகிறான். டிக்.

திரையில் உடைந்த முகம் தெரிந்தது. வெள்ளை வெளேர் என்று, ஒரு இழை மாசு இல்லாமல். இருபது தகட்டுக்கு ஒன்று அப்படி அமைந்தால் அதிகம்.

"இது நல்லாருந்துச்சு" என்றது.

மச்சினன் கத்தினான். "கிறுக்குப் பிடிச்ச கழுத, இப்ப நல்லாருந்து என்னத்துக்கு? கண்ணுல எதைப் போடுவாக, ஒன் தலையையா?"

அந்தப் பிள்ளை இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. ஊரான் கண்ணுக்குப் போகிறதென்றால் ஒன்றை உடைத்துப் பார்த்து மற்றதை அனுப்பும். என் வீட்டுக்காரி கண் என்றதும் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் உடைத்துவிட்டது. இது புத்தியா, புத்தி பிசகினதா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வீடு இழவு வீடாகிவிட்டது. புதுத் தகடு வர நாளாகும், டாக்டர் குறித்த நாளோ மறுநாள். என் வீட்டுக்காரி படுத்தவள் எழுந்திருக்கவில்லை. "வரமாட்டேன். சாமியே வேண்டாம்னு சொல்லிட்டு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் போனில் அழுகிறாள். இன்னும் ஒரு மாசம் தள்ளினால் அந்தக் கண் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னது என் காதுக்குள்ளேயே இருக்கிறது.

விடிந்ததும் அந்தப் பிள்ளை வீட்டுக்கே வந்து நின்றது. மச்சினன் வாசலை மறித்தான். நான் விலகச் சொன்னேன். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தது.

"என்னத்துக்குட்டி வந்தே?" என்றாள் இவள், திரும்பாமலே.

"ஆசுபத்திரிக்குக் கூப்பிட வந்தேன் மதினி."

"எந்தக் கத்தியோட?"

"டாக்டர்ட்ட இருக்கிற கத்தியோட."

"அது நல்லாருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லிவிடு தாயி.

"தெரியாது மதினி."

காரியம் கெட்டது என்று கையைத் தொங்கப் போட்டேன். என் வீட்டுக்காரி மெதுவாகத் திரும்பி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, தெரியாதுன்னா சொல்லுதே?"

"ஆமா. அதை ஒடைச்சுப் பாக்க விட மாட்டாக. தெரியாததைத் தெரியும்னு ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன். ஆனா இப்படியே இருந்தா கண்ணு போயிரும், அது தெரியும். நான் கூட வாரேன். முடியிறவரைக்கும் அங்கனதான் இருப்பேன்."

இவள் காலைத் தரையில் ஊன்றினாள். "இரு. சேலை மாத்திட்டு வாரேன்."

காரில் போகும்போது என்னிடம் சொன்னாள். "எல்லாரும் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னீங்க. பெரியம்மா மகட்டயும் அதையேதான் சொன்னாக. இவ ஒருத்திதான் தெரியாதுன்னா. பயம் போயிருச்சு." வியாபாரத்தில் எத்தனையோ பேரை நைச்சியமாகப் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தவன் நான். இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது.

நடந்ததைக் கேட்ட டாக்டர், "என் கத்தியையும் ஒடைச்சிர மாட்டாங்களே?" என்று சிரித்தார். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. உள்ளே விடமாட்டேன் என்றதும் வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தது. கையை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, சிவப்பு விளக்கு எரிகிற கதவையே பார்த்தபடி இருந்தது. காபி வாங்கி வந்தேன், ஆறி ஆடை கட்டியது.

மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்தார்கள். நர்ஸ் பஞ்சை எடுத்ததும் என் வீட்டுக்காரி கண்ணை மூடி மூடித் திறந்தாள். சன்னலைப் பார்த்தாள். தரையில் கல்லுக்குக் கல் கோடு ஓடுவதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இங்கேருங்க, காதுல இவ்வளவு முடி இருக்கு. இதோடவா ஊருக்குள்ள அலையுதீங்க?"

நான் அழுதுவிட்டேன். எனக்கு வெட்கமில்லை, அழுதேன்.

"எங்க அவ? ஏட்டி, இங்கன வா."

அந்தப் பிள்ளை கட்டில் பக்கத்தில் வந்தது. இவள் அதன் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அப்படி ஒரு ஆசையோடு பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னையப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன் மதினி."

"ஒரு கண்ணுதான் என்னையப் பாக்கு. இந்தா, இந்தக் கண்ணு சொவத்தைப் பாக்கு."

அந்தப் பிள்ளை நாடியை விடுவித்துக்கொள்ளவில்லை. அதே குரலில்தான் சொன்னது, ஒரு மூலையில தோண்டிப் பாத்துருவம் என்று சொன்ன மாதிரி. "அதுல பார்வை கெடையாது மதினி. பெங்களூர்ல போச்சு. லேசரை அணைச்சாச்சு, குனிஞ்சு பாக்கலாம்னு கூட இருந்தவன் சொன்னான். கண்ணுக்குக் காவலாப் போட்டிருந்த கண்ணாடியைக் கழத்திட்டுக் குனிஞ்சேன். அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, பாத்துக்கிடுங்க. எரிஞ்சுக்கிட்டு இருந்துருக்கு."

"அவன் எதுக்கு அப்படிச் சொன்னான்?"

"அணைச்சாச்சுன்னுதான் அவனும் நெனைச்சிருக்கான்."

என் வீட்டுக்காரியின் புதுக் கண்ணில் நீர் முட்டியது. நர்ஸ் பதறினாள். "அழக் கூடாதும்மா, அழக் கூடாது." இவள் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். அந்தப் பிள்ளை சட்டென்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது. "கை படக் கூடாது மதினி. ஒழுகட்டும்."

இருவரும் அப்படியே இருந்தார்கள். தூரத்திலிருந்தே தகட்டில் கோணல் கண்டுபிடிப்பேன் என்று மார் தட்டுகிறவன் நான். இத்தனை வருசமும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அந்த முகத்தோடுதான் பேசியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். ஏதாவது சொல்லணும் என்று பக்கத்தில் போனேன். அது என் பக்கம் முகத்தைத் திருப்பியது. எந்தக் கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.